டயர் சீட்

செய்தி வந்தபோது மத்தியானம் இரண்டே முக்கால். பள்ளிக்கூட மதிலை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டுகளுக்கு அடியில் கிடந்த பென்சில் சீவல்களைத் தம்பி குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தான். வழக்கமாக அது அக்காவின் வேலை. அவள் அன்று காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்திருந்தாள். பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். போனில் பேசிய நர்ஸின் குரல் மெதுவாக இருந்தது. ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும் முன்பே, கட்டிலில் பேசிக்கொண்டிருந்தபோதே, இதயம் நின்றுவிட்டது என்றாள்.

தம்பி "சரிங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை "சரிங்க" என்றான். பிறகு துடைப்பத்தை எடுத்து மீதிச் சீவலையும் பெருக்கி அள்ளினான்.

அடுத்து நின்ற பெரிய பஸ்ஸின் டிரைவர்தான் முதலில் அவன் முகத்தைப் பார்த்தவர். வயதானவர், நல்ல மனுஷன், வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கும். விஷயத்தைக் கேட்டதும் தம்பியின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். நீ ஆஸ்பத்திரிக்குப் போ, பிள்ளைகளை நான் கொண்டுபோய் விடுகிறேன், என் பஸ்ஸை என் மகன் பார்த்துக்கொள்வான் என்றார். பெல் அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து, ஸ்டியரிங்கில் புது ஆளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அக்கா எங்கே, மாமா எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கண்களைப் பார்த்தவருக்கு மனசு வரவில்லை. "அக்காவுக்குக் காய்ச்சல், மாமா கூட இருக்காரு. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டார். வியாழனும் வெள்ளியும் அதையே சொன்னார்.

இரக்கத்தில் சொன்ன பொய்தான். ஆனால் அந்த வண்டிக்குள் அதுவரை யாரும் பொய் சொன்னதில்லை.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. வெள்ளை நிறம், பன்னிரண்டு சீட், இடது பக்கக் கதவு இழுத்தால்தான் மூடும், அதுவும் அக்கா இழுத்தால்தான் மூடும். அதற்கு முன்னால் அவள் பல்பு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். கம்பெனியை மூடியதும் கிடைத்த தொகையில் இந்த வண்டியை வாங்கினாள். ஓட்டத் தம்பி இருந்தான். காலேஜில் கணக்குப் படித்தவன். ஆபீஸ் வேலை எதிலும் நிலைக்கவில்லை. "கணக்கு படிச்சவன் கிளச்சை மிதிக்கிறான், அதுவும் பாதிதான் மிதிக்கிறான்" என்று பெற்றோர்களிடம் அவனை அறிமுகப்படுத்துவாள். தானே ஓட்டலாம் என்று அவளும் லைசென்ஸுக்குப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சோதிக்க வந்த அதிகாரிக்கே ஓட்டச் சொல்லிக் கொடுத்துத் திரும்பி வந்தாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. "ஸ்டியரிங் உன்னோடது. வண்டி என்னோடது."

பிள்ளைகள் அவளை அக்கா என்றும் அவனை மாமா என்றும் கூப்பிட்டார்கள். அக்காவுக்குத் தம்பி எப்படி நமக்கு மாமா ஆவார் என்று ஒரு பெண் பல நாள் விடாமல் கேட்டாள். அவளுக்கு அக்கா வைத்த பெயர் கேள்விக்குறி. எல்லாருக்கும் ஒரு பெயர் வைப்பாள், அதுவும் அவர்கள் சம்மதித்தால்தான். ஏறியதும் தூங்குகிறவன் அரைத்தூக்கம். தினமும் ஏதாவது ஒன்றை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவன் வாபஸ், அவனால் வண்டி அடிக்கடி வாபஸ் போகும். வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான்; அவன் பெயர் ரேடியோ. ஒரு வருஷம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனபோதும் பேசவில்லை. இவ்வளவு பாடுபட்டும் பிரயோஜனம் இல்லையே என்று தம்பி சொன்னதற்கு, "இறங்கும்போது கை ஆட்டினான்ல? அது என்ன சும்மாவா?" என்றாள்.

கோபக்காரி. குறுக்கே வரும் ஸ்கூட்டர்களை ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே திட்டுவாள். கண்ணாடி மூடியிருப்பதால் அவர்களுக்குக் கேட்காது. திட்டி முடித்துவிட்டு, "ஆச்சு, வெளிய விட்டாச்சு. இனிமே அது அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்பாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

டயர் சீட் வந்தது ஒரு ஸ்கூட்டரால்தான்.

முதல் வருஷத்தில் மழலை வகுப்புப் பையன் ஒருவன் ஏறினான். அவன் அம்மா தையல் கடை வைத்திருந்தார். பையன் அழாமல் ஏற வேண்டுமே என்று, "நீ முன்னாடி போ, அம்மா ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றேன்" என்று ஏற்றிவிட்டார். பையன் சமர்த்தாக ஏறினான். ஏறிய நேரத்திலிருந்து பள்ளிக்கூடம் வரும்வரை முட்டிபோட்டு உட்கார்ந்து பின்கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்தான். வழியில் வந்த ஒவ்வொரு ஸ்கூட்டரும் அவனுக்கு அம்மாதான். ஒவ்வொன்றும் அம்மா இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கு அடுத்த நாளும். அவன் அழவே இல்லை என்பதில் அம்மாவுக்கு நிம்மதி. அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் பையன் பக்கத்தில் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "அம்மா வரல. அவங்க கடைக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் நீ இறங்கற இடத்துல நிப்பாங்க, அது நிஜம்" என்றாள். பையன் அவளைப் பார்த்தான். பிறகு, நாலைந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் அழுதான். பள்ளிக்கூடம் வந்தபோது அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் கால்களால் நடந்து உள்ளே போனான்.

சாயங்காலம் அந்த அம்மா சண்டைக்கு வந்தார். என் பிள்ளையை அழ வைக்க நீங்கள் யார் என்றார். "நான் அழ வைக்கலைங்க. அழ விட்டேன்" என்றாள் அக்கா. அந்த அம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஆனால் ஸ்கூட்டர் கதையையும் மறுபடி சொல்லவில்லை. பையனுக்குப் பின்கண்ணாடி என்று பெயர் வந்தது. தாய்க்கு ஸ்கூட்டரம்மா என்ற பெயர், அவருக்குத் தெரியாமலே.

அதிலிருந்துதான் வண்டியில் ஒரு சட்டம். யாரையும் அழாதே என்று சொல்லக்கூடாது. அழ வேண்டியவர்கள் அதற்கென்று ஒரு சீட்டில் போய் உட்காரலாம். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது, ஏன் என்று கேட்கக்கூடாது. அழுது முடித்தவர் "முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வர வேண்டும். சொல்ல விருப்பம் இருந்தால் அதற்குப் பிறகு சொல்லலாம்.

ஆரம்பத்தில் அந்தச் சீட்டாகக் கடைசி வரிசை ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. நல்ல காற்று, வேடிக்கை பார்க்க முழு ஜன்னல். ஒரே வாரத்தில் வண்டி முழுக்கத் துக்கம். அரைத்தூக்கம் ஏறும்போதே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறினான். அந்த இடத்துக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டு, அடிபட்டவன் நிஜமாகவே அழுதான், அவனுக்கு உட்கார இடம் இல்லை. "உன் திட்டத்துல நல்ல லாபம்" என்று தம்பி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

அக்கா அன்று சாயங்காலமே சீட்டை மாற்றினாள். பின்சக்கரத்துக்கு நேர் மேலே, தரை மேடாக இருக்கும் ஒற்றைச் சீட்டு; அதுதான் டயர் சீட். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். குழி வந்தால் தூக்கிப் போடும். ஜன்னலில் பாதியைக் கம்பி மறைக்கும். அங்கே போய் உட்காருகிறவன் வேறு வழியில்லாமல்தான் போவான். அதற்குப் பிறகு யாரும் சும்மா அழவில்லை. முழங்கால் நெஞ்சோடு ஒட்டியிருப்பது அழுவதற்கு வசதியாக இருக்கிறது என்று கேள்விக்குறி ஒருமுறை கண்டுபிடித்துச் சொன்னாள்.

விஷயம் வெளியே போனது, போகும்போதே திரிந்தது. ஒரு தகப்பனார் பள்ளிக்கூடத்தில் புகார் கொடுத்தார். வண்டியில் தண்டனை சீட் வைத்திருக்கிறார்களாம், பிள்ளைகளை அழ வைக்கிறார்களாம். ஒரு நாள் வந்து பாருங்கள் என்று அக்கா கூப்பிட்டாள். அவரும் ஆபீஸ் உடையில், கையில் பையோடு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஏறினார். காலியாக இருந்தது டயர் சீட் ஒன்றுதான். அதில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். வண்டி சத்தமில்லாமல் ஆனது. அத்தனை பிள்ளைகளும் ஒரேயடியாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், மரியாதைக்குத் திரும்பாமலே பதில் சொன்னார்கள். அவர் இருமினால் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் வந்ததும் கேள்விக்குறி மட்டும் போய் அவர் கையைத் தொட்டு, "முடிஞ்சுதா அங்கிள்? இல்லன்னாலும் பரவால்ல, சாயங்காலமும் அந்த சீட் இருக்கும்" என்றாள்.

அந்தத் தகப்பனார் இறங்கி மதில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். ஆபீஸில் அவருக்கு என்ன பிரச்சினையோ, யாரும் கேட்கவில்லை. புகாரை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இன்னொன்றும் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தால் பிள்ளைகளுக்குப் படபடப்பு வரும். லேட், லேட் என்று வாபஸ் நகத்தைக் கடிப்பான். அக்கா பின்னால் திரும்பி, லேட்டானால் என்ன ஆகும் என்று கேட்பாள். மிஸ் திட்டுவாங்க. அப்புறம்? வெளிய நிக்க வைப்பாங்க. அப்புறம்? உள்ள கூப்பிடுவாங்க. அப்புறம்? பாடம். அப்புறம்? சாப்பாடு. சாப்பாடு வந்ததும் சிரிப்பு வந்துவிடும். பயத்தை அவள் விரட்டவில்லை. கையைப் பிடித்து அது போகிற இடம் வரைக்கும் கூடவே நடந்து பார்த்தாள். போய்ப் பார்த்தால் அங்கே பெரும்பாலும் சாப்பாட்டு மணிதான் இருந்தது.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று யாராவது கேட்டால், பல்பு கம்பெனியில் என்பாள். உடையாமல் பேக் பண்ணத் தெரிந்தால் போதும் என்பாள். அது விளையாட்டுப் பேச்சு. தம்பிக்கு மட்டும் வேறொன்று தெரியும். அவன் ரொம்பச் சின்னவனாக இருந்தபோது அப்பா இறந்துபோனார். வீட்டுப் பெரியவர்கள் அவனிடம், அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அவன் வாசல் கேட்டில் தொங்கிக்கொண்டே இருந்தான். ஒரு சாயங்காலம் அக்கா, அவளே சின்னப் பெண்தான், அவனைக் கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னாள். "நீ அழு. நான் இங்கயே நிக்கறேன். பாக்க மாட்டேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவன் அழுது முடிக்கும்வரை அந்த முதுகு அங்கேயே இருந்தது. அவளும் அப்போதுதான் அழுதிருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்ற வெகுகாலம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை போன் செய்தார். மனசாரத்தான் ஆறுதல் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பரீட்சை நடக்கிறது, இன்னும் இரண்டு வாரம். பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, ஊரில் ஓய்வெடுக்கிறார் என்றே இருக்கட்டும். பிறகு நாங்கள் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளைகள் யாராவது உடைந்துபோனால் பெற்றோர்கள் வண்டியை மாற்றச் சொல்வார்கள், அதில் எனக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றும் மெல்லச் சொன்னார். மிரட்டல் இல்லை அது; உள்ள நிலவரம். தம்பி யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

யோசிக்க அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வண்டி போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நாளைக் காலையில் அவன் வாயால் ஒரு பொய்யைச் சொன்னால், இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைகளுக்கு அக்கா இறந்தது மட்டும் தெரியவராது. இந்த வண்டியில் சொன்னது பொய் என்பதும் தெரியவரும். அப்புறம் அந்த டயர் சீட் வெறும் மேடான சீட்டு. அவள் இத்தனை வருஷம் கட்டியதை அவள் போன வாரத்திலேயே அவன் இடித்ததாக ஆகும். மறுபக்கம், சொல்லிவிட்டால்? அவளளவுக்குச் சொல்லத் தெரியுமா அவனுக்கு? கிளச்சையே பாதிதான் மிதிக்கிறவன்.

சாயங்காலம் ஸ்கூட்டரம்மா வந்தார். அவன் மனைவி கொடுத்த தேநீரைத் தொடாமல் வைத்துவிட்டு, தலைமை ஆசிரியை தன்னிடமும் பேசியதாகச் சொன்னார்.

"சொல்லிடுங்க தம்பி" என்றார்.

"அழுவாங்கம்மா."

"அழட்டும். என் பையன் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஜன்னலாண்டயே நிக்கறான். என்னடான்னா, அக்கா வண்டி வருதான்னு பாக்கறேங்கறான். லீவு நாள்ல எங்க வண்டி வரும்? அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. நான் ஒரு தடவ அவன அப்படி நிக்க வெச்சவ. இன்னொரு தடவ என்னால முடியாது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கதவத் தொறந்து ஏத்தி எறக்க ஆள் வேணும்ல. நாளைக்கு நான் வர்றேன். கடைய மதியம் தொறந்துக்கறேன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாலு நாளில் வந்த முதல் சிரிப்பு. "அந்தக் கதவு உங்களுக்கு மூடாதும்மா" என்றான்.

மூடவில்லைதான். திங்கட்கிழமை காலையில் அவர் இரண்டு கையாலும் இழுத்தார், உதைத்தார், கடைசியில் பின்கண்ணாடி இறங்கி வந்து, "தூக்கிட்டு இழுக்கணும்மா" என்று மூடிக் காட்டினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிற பிள்ளை முதலில் அந்த அம்மாவைப் பார்த்தது, பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தது, பிறகு மாமாவைப் பார்த்தது. அக்கா எங்கே என்ற கேள்விக்கு அவன் எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னான். எல்லாரும் ஏறிய பிறகு சொல்கிறேன். அதில் பொய் இல்லை. கேள்விக்குறி மடியில் ஒரு படம் இருந்தது. கட்டிலில் படுத்திருக்கும் அக்கா, கழுத்தில் அவள் எப்போதும் மாட்டியிருக்கும் விசில், நெற்றியில் ஈரத்துணி. காய்ச்சலுக்கு அவள் வரைந்தது. வாபஸ் அன்று எதையும் மறக்காமல் வந்திருந்தான். கடைசி நிறுத்தத்தோடு எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு முந்தின தெருவில், நிழல் இருந்த இடத்தில் தம்பி வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தான். சீட்டை விட்டு எழுந்து, இரண்டு வரிசைக்கும் நடுவே போய்த் தரையில் உட்கார்ந்தான். அப்போதுதான் முகங்கள் நேருக்கு நேராக இருந்தன.

"அக்கா செத்துப்போயிட்டாங்க" என்றான். "புதன்கிழமை, ஆஸ்பத்திரில. இதயம் நின்னுடுச்சு. இனிமே வரமாட்டாங்க."

சொல்லி முடித்ததும், இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. ஸ்கூட்டரம்மா கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கேள்விக்குறிதான். "காய்ச்சல்னு சொன்னாங்களே."

"அது நிஜமில்லம்மா. அந்தத் தாத்தாவுக்குச் சொல்ல மனசு வரல."

"வலிச்சுதா அக்காவுக்கு?"

"இல்லன்னு நர்ஸ் சொன்னாங்க. பேசிட்டிருக்கும்போதே நின்னுடுச்சாம்."

"நாங்க அன்னைக்கு ரொம்ப சத்தம் போட்டோம். அக்காவுக்குத் தலைவலின்னாங்க. அதனாலயா?"

எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள் என்பதை அந்த நிசப்தத்தில் தம்பி கண்டான். "இல்ல" என்றான். "நீங்க சத்தம் போடறதுக்குத்தான் அவ காலைல எழுந்திரிப்பா. உங்களால எதுவும் ஆகல. யாராலயும் ஆகல."

பின் வரிசையில் மழலை வகுப்புப் பெண், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், எழுந்து டயர் சீட்டை நோக்கி நடந்தாள். அதே நேரத்தில் வாபஸ் எழுந்தான். அரைத்தூக்கம் எழுந்தான். கேள்விக்குறியும் படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடுவழியில் எல்லாரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். சீட்டு ஒன்று. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா இதற்குச் சட்டம் போட்டிருக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அழ வேண்டிய நாள் ஒன்று வரும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

தம்பி தரையிலிருந்து எழப்போனான்.

பின்கண்ணாடி சொன்னான்: "சின்னவ அங்க உக்காரட்டும். இன்னைக்கு எல்லா சீட்டும் டயர் சீட்டுதான். அவங்கவங்க எடத்துல உக்காருங்க. யாரும் யாரையும் பாக்கக் கூடாது."

மூன்றாம் வகுப்புப் பையன். அதைச் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து, முழங்காலை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். ஒவ்வொருவராக அப்படியே செய்தார்கள். முதலில் சின்னவளின் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு மற்றவர்களுடையதும். தம்பி தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் அழுததை யாரும் பார்க்கவில்லை. சட்டம் அப்படி.

எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட மணி அடித்தது கேட்டது, யாரும் படபடக்கவில்லை. வாபஸ்தான் முதலில் "முடிஞ்சது" என்றான். அடுத்து இன்னொருவர். இன்னொருவர். அரைத்தூக்கம் மூக்கடைத்த குரலில் சொன்னான். கேள்விக்குறி படத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். மாமாவிடம் கொடுக்கிறாயா என்று ஸ்கூட்டரம்மா கேட்டதற்கு, மாட்டேன், எனக்கு வேணும் என்றாள். சின்னவள் மட்டும் டயர் சீட்டில் இருந்து இறங்கவில்லை.

"இன்னும் முடியலையாடா?" என்றான் தம்பி.

"பாதிதான் முடிஞ்சுது" என்றாள் அவள். "மிச்சத்த சாயங்காலம் அழுதுக்கறேன்."

சொல்லிவிட்டு இறங்கி, தன் பையைத் தானே மாட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கூட வாசலில் தலைமை ஆசிரியை நின்றிருந்தார். தாமதமாக வந்த வண்டியையும், சிவந்த கண்களோடு இறங்கிய பிள்ளைகளையும் பார்த்தார். சொல்லிவிட்டீர்களா என்று கேட்கவே தேவை இருக்கவில்லை. சொல்லிட்டேன் மேடம், பொய் சொல்ல முடியல என்றான் தம்பி. அவர் முகம் இறுகியது. பதில் சொல்ல வாயெடுத்தவர், தன் முன்னால் வந்து நின்ற சின்னவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் அவரிடமும் அதே தகவலைத் தந்தாள். பாதி முடிந்துவிட்டது, மிச்சம் சாயங்காலம். தலைமை ஆசிரியை அவள் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப் போனார். இரண்டு எட்டு போனதும் அந்தக் கை அவருக்கே ஆதரவாக இருந்தது போலப் பட்டது தம்பிக்கு.

அன்று யாரும் மயங்கி விழவில்லை. பரீட்சை எழுதினார்கள். சாப்பிட்டார்கள். கேள்விக்குறி தன் வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் வண்டி அக்கா இறந்துவிட்டார், இன்றைக்கு எனக்கு அடிக்கடி அழுகை வரும், வந்தால் யாரும் பார்க்க வேண்டாம் என்று அறிவித்தாளாம். வகுப்பு அதை மதித்ததாம். மத்தியானம் அவள் டீச்சரே மதில் ஓரம் வந்து தம்பியிடம் சொன்னார். அந்தச் சட்டத்தை எங்கள் வகுப்பிலும் வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். அனுமதி கொடுக்க வேண்டியவள் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் அவன். ஆனால் நல்ல சீட்டாகப் போட்டுவிடாதீர்கள், எல்லாரும் அழுவார்கள் என்று எச்சரித்தான்.

ஒரு வீட்டில் மட்டும் பிள்ளையை வண்டியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் பைக்கில் போகிறான். சிக்னலில் பக்கத்தில் நின்றால் எல்லாரும் அவனுக்குக் கை ஆட்டுகிறார்கள், அவனும் ஆட்டுகிறான். பெரிய பஸ் டிரைவர், தான் சொன்ன பொய்க்காகப் பிள்ளைகளிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். பரவால்ல தாத்தா, உங்களுக்கும் கஷ்டமா இருந்திருக்கும் என்று பெரியமனுஷத்தனமாக அவரைத் தேற்றினார்கள்.

அன்று சாயங்காலம் சின்னவள் சொன்ன சொல் தவறாமல் டயர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் முடித்துவிட்டாள். இறங்கும்போது ஸ்கூட்டரம்மாவின் கையைப் பிடிக்காமல் தானே குதித்தாள்.

பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகு தம்பி வண்டியை வீட்டெதிரில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். துக்கம் இருந்தது, அது எங்கும் போகப்போவதில்லை. ஆனால் அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக, நெஞ்சை நிமிர்த்துகிற ஒன்று இருந்தது. மாலை வாங்காத, மேடை ஏறாத, லைசென்ஸ்கூட வாங்காத ஒருத்தி. அவள் இனி இல்லை என்று தெரிந்த முதல் நாளை அவள் பிள்ளைகள் அவள் இல்லாமலே கடந்தார்கள். அழுதார்கள், முடித்தார்கள், பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். வெளியே வந்து என்ன ஆச்சு என்று கேட்ட மனைவியிடம் அவனுக்குச் சொல்ல வந்தது ஒரு வரிதான்: "எங்க அக்கா பண்ணின வேல நிக்குது."

பிறகு துடைப்பத்தை எடுத்து உள்ளே பெருக்கினான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்காக அவள் வைத்திருந்த மாற்றுச் சட்டை மடித்துக் கிடந்தது. பொத்தான்கள் அறுந்துபோயிருந்த சட்டை. மேலிருந்து ஒவ்வொன்றாகப் புதுப் பொத்தான் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் அக்கா. கடைசிப் பொத்தான் தைக்கப்படவில்லை.